பொட்டில்லாத முகம்

சிவப்பு மை பூசிய தென்னைகளைக் கமலாத்தாள் விடிந்ததும் விடியாததுமாகப் போய் எண்ணிப் பார்த்தாள். நாற்பத்தியொன்று. நேற்றும் நாற்பத்தியொன்றுதான். ராத்திரியோடு ராத்திரியாகக் குறைந்துவிடுமா என்ன? ஆனாலும் எண்ணினாள். எண்ண எண்ண வயிறு எரிந்தது. அந்த எரிச்சல் இன்றைக்கு அவளுக்கு வேண்டியிருந்தது.

மை பூசியவர்கள் சோலார் கம்பெனி ஆட்கள். போன வாரம் வந்து, மரமெல்லாம் வெட்டப் போகிறோம் என்றார்கள். யாரைக் கேட்டு என்று இவள் பாய்ந்ததும், “சேச்சி தன்னே சம்மதிச்சதல்லே?” என்று மலையாளத்தில் அவள்மேலேயே திருப்பி ஒரு போனை நீட்டினார்கள். அதில் ஒரு சம்மதபத்திரம். தோப்பை இருபத்தொன்பது வருஷத்துக்குக் குத்தகைக்கு விட முழு மனதோடு சம்மதிக்கிறேன் என்று எழுதி, கீழே கமலாத்தாள் என்ற பெயர், ஆதார் எண், போனில் முகத்தைக் காட்டி உறுதி செய்ததற்குப் பச்சை நிறத்தில் ஒரு டிக்.

கமலாத்தாள் எந்தப் போனுக்கும் முகத்தைக் காட்டவில்லை.

தோப்பு அவளுடைய அப்பன் வைத்துவிட்டுப் போனது. கமலாத்தாளுக்கும் தங்கை கோமதிக்கும் பொதுவில் இருக்கிறது. குத்தகைப் பேச்சு வந்தபோது தங்கை ஒரே வார்த்தையில் சரி என்றாள், அக்கா ஒரே வார்த்தையில் முடியாது என்றாள். இருவரும் ஒத்துக்கொண்டால்தான் கம்பெனி உள்ளே வர முடியும். இப்போது அக்காவின் சரியும் எங்கிருந்தோ வந்து சேர்ந்துவிட்டது. ஆட்சேபம் சொல்ல இன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணி வரை நேரம். அதற்குப் பிறகு ரம்பம்தான்.

எங்கிருந்து வந்தது அந்தச் சரி? கமலாத்தாளுக்குச் சந்தேகமே இல்லை. வரப்புக்கு அந்தப் பக்கம் அவன் நின்றுகொண்டிருந்தான். இறந்துபோன புருஷனின் தம்பி தனபால்.

“ஏனுங்கண்ணி, நாலு நாளாச்சுங்க. நாத்து கருகுது. பூட்டத் தொறந்து உடுங்க.”

தனபாலின் வயலுக்குத் தண்ணீர் இந்தத் தோப்பின் போர்வெல்லிலிருந்துதான் போகும். அந்தக் குழாய் வாய்க்குக் கமலாத்தாள் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தாள்.

“கருகட்டும்.”

“நா என்ன பண்ணிப்போட்டேன்னு சொல்லிப்போட்டுப் பூட்டுங்க.”

“அந்த சோலார்க்காரன மொதல்ல இங்க கூட்டியாந்தது யாரு?”

“நாந்தானுங்க. நீங்க வேண்டாம்னீங்க, நானும் உட்டுட்டனே.”

“உடற ஆளா நீயி? ஒன்றரை வருசமா என்ற நெத்தியப் பாத்துக் கருவிட்டுத் திரியறவனாச்சே!”

இந்த நெற்றிச் சண்டையை ஊரே அறியும். புருஷன் செத்துக் காரியமெல்லாம் முடிந்த மறுவாரம், கமலாத்தாள் தானாகவே கண்ணாடி முன்னால் நின்று மறுபடி பொட்டு வைத்துக்கொண்டாள். அண்ணன் போன மாசத்திலேயே இப்படியா, ஊருக்குள் தலைகாட்ட முடியவில்லை என்று தனபால் வாசலில் நின்று கத்தினான். “பொட்டு எங்காத்தா வெச்சது. உங்கண்ணன் வெச்சது தாலி, அதக் கழட்டிக் குடுத்தாச்சு” என்றாள் இவள். அன்றோடு பேச்சு வார்த்தை முறிந்தது. தண்ணீர் மட்டும் போய்க்கொண்டிருந்தது, இப்போது அதுவும் இல்லை.

“அண்ணி, சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க.”

“பொழுதுக்குள்ள உன்ன ஜீப்புல ஏத்தறேன் பாரு. ஏத்தறப்ப இந்தப் பொட்டோடவே வந்து வாசல்ல நின்னு பாப்பேன்.”

சொல்லிவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள். அறுபதை நெருங்குகிறவள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கோபம் வந்துவிட்டால் அவளுக்கு முட்டிவலிகூட மறந்துபோகும்.

வீட்டுக்குள் நுழையும்போதே போன் அடித்தது. கம்பம்மெட்டிலிருந்து கோமதி. அவள் புருஷன் அப்புசாமிக்கு அங்கே ஏலக்காய் வியாபாரம்.

“அக்கா, கெளம்பிட்டோம். நானு, அவரு, இந்துஜா. மத்தியானத்துக்கு மேல அங்க வந்துருவோம். கல்யாணப் பத்திரிகை மொத மொதல்ல உனக்குத்தான்.”

“வா சாமி. ஆனா நா டேசனுக்குப் போகோணுமே இன்னிக்கு.”

“அதெல்லாம் நாளைக்குப் பாத்துக்கலாம்க்கா. ஒன்றரை வருசங்கழிச்சு வாரேன், நீ ஊட்டுலயே இரு. எங்கியும் போயிராத.”

கமலாத்தாளுக்கு மனசு இளகிவிட்டது. துக்கத்துக்கு வந்த கோமதி ஐந்தாம் நாள் திரும்பிப் போனவள்தான், அதற்குப் பிறகு எட்டிப் பார்க்கவில்லை. மகளுக்கு வரன் பார்க்கிற நேரத்தில் துக்க வீட்டில் கால் வைக்கக்கூடாது என்று போனில் சொல்லிவிட்டாள். கல்யாணத்தன்றும் நீ மேடைப் பக்கம் வர வேண்டாம்க்கா, உள் ரூமில் உட்கார்ந்து பார்த்துக்கொள் என்றும் போன மாதம் மெதுவாகச் சொன்னாள். கமலாத்தாளுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் சொன்னது சொந்தத் தங்கையாயிற்றே. தனபால் சொன்னால் பூட்டுப் போடலாம், கோமதி சொன்னால் முழுங்கிக்கொள்ள வேண்டியதுதான். இந்துஜா வேறு இங்கே சித்தூர்க் காலேஜில் படித்த மூன்று வருஷமும் பெரியம்மாவின் சோற்றைத் தின்று வளர்ந்தவள்.

மாடியில் மகள் யோகப்பிரியா போலீசுக்கான புகாரை எழுதி முடித்திருந்தாள். தனபால் என்ற பெயரைக் கொட்டை எழுத்தில் அடித்திருந்தாள். அதை அடிக்கும்போது அவளுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைப்பானேன்? அப்பா போன துக்கத்தில் இருந்த அம்மாவை வாசலில் நின்று ஏசினவர் அவர். அன்றைக்கு யோகப்பிரியா ஊமையாக நின்றாள். அதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கொட்டை எழுத்து.

யோகப்பிரியா வேலை செய்வது கொச்சிக் கம்பெனி ஒன்றில். உட்கார்ந்து வேலை செய்வது இந்த மாடி அறையில். ஆன்லைனில் கணக்குத் தொடங்கும்போதும் பத்திரத்துக்குச் சம்மதம் சொல்லும்போதும் போனில் முகத்தைக் காட்டச் சொல்கிறார்கள் அல்லவா? காட்டுகிற ஆள் நிஜமாகவே அந்த ஆள்தானா என்று பார்த்துச் சொல்வது இவர்கள் பிழைப்பு. சோலார் கம்பெனிக்குப் பார்த்துச் சொன்னதும் இவளுடைய கம்பெனியேதான். ஊரார் முகங்களை எல்லாம் சலித்துப் பார்க்கிறவள் வீட்டு முகத்திலேயே மோசடி நடந்துவிட்டது என்று நினைத்தாலே அவளுக்குத் தலைகுனிவாக இருந்தது.

சொந்தக்காரர் கோப்பைத் தொடக்கூடாது என்பது கம்பெனிச் சட்டம். தொட்டால் வேலை போய்விடும். அதனால் அம்மாவின் புகாரைத் தன் டீம் லீடர் ரிஜினிடம் கொடுத்திருந்தாள். அவனுக்குத் தமிழ் அரைகுறை, இவளுக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. இருந்தாலும் இவளிடம் அவன் தமிழில்தான் பேசுவான். பத்து மணிக்கு அழைத்தான்.

“யோகா, ரிப்போர்ட் கிட்டி. நீ ஃபைல் தொறக்கண்டா. நான் வாயால சொல்லாம்.”

“சொல்லுங்க.”

“மூஞ்சி மேட்ச் ஆகுது. தொண்ணூத்தொண்ணு சதமானம்.”

“அப்ப எங்கம்மாதான்னு சொல்றீங்களா?”

“நில்லு. மூஞ்சி மாத்திரம் சொன்னேன். மத்த சிக்னல் எல்லாம் மஞ்ச, சந்தேகம்னு அர்த்தம். அந்தக் கம்பெனிக்காரன் சீக்கிரம் வேணும்னு மஞ்சயைப் பச்சையாக்கி எடுத்துட்டான்.”

மத்த சிக்னல் என்று அவன் சொன்னது இதுதான். ஒரு ஆள் தன் பெயரையும் பிறந்த தேதியையும் எழுதி முகத்தைக் காட்டும்போது, அவரைக் கேட்காமலே போன் இன்னும் சில சங்கதிகளைக் கவனித்து வைத்துக்கொள்ளும். பேசிவ் சிக்னல் என்பார்கள். எவ்வளவு வேகமாக எழுதினார், எங்கே தயங்கினார், எதை அழித்தார், போன் என்ன சாய்வில் இருந்தது, எந்த ஊரில் இருந்தது. வாய் எதை வேண்டுமானாலும் சொல்லிவிடும். சொல்லும்போது கை என்ன செய்தது என்பது அந்த ஆளுக்கே தெரியாது.

“பேர் எழுதற எடத்துல, மொதல்ல ஒண்ணு எழுதி, உடனே அழிச்சு, வேற எழுதினா. சொந்தப் பேருக்கு ஆரு அப்படிச் செய்யும்?”

“என்ன எழுதி அழிச்சாங்க?”

“அது சேவ் ஆகில்லா. அழிச்சுன்னு மாத்திரம் தெரியும். பின்ன, பொறந்த தேதிக்கு அம்பது செகண்ட் எடுத்து.”

“அத உட்ருங்க. எங்கம்மாவுக்கே அவங்க பொறந்த தேதி தெரியாது. ஆதாரப் பாத்துத்தான் சொல்லுவாங்க.”

ரிஜின் சிரித்தான். “சரி, அது கட். ஆனா போன் பிடிச்சது வேற ஒரு ஆள். எழுதின விரல் ஒருத்தருது, போன் தாங்கின கை வேறொருத்தருது. போன் அசைவுல அது தெளிவா இருக்கு. லொகேஷன் சித்தூர்னு காட்டுது. அது ஒரு ஆப் போட்டா மாத்தலாம். பக்ஷே காத்தை மாத்த முடியாதல்லோ?”

“காத்தா?”

“அந்தப் போன்ல காத்தழுத்தம் அளக்கற சாதனம் இருக்கு. உங்க சித்தூர்ல அது ஆயிரத்துக்குப் பக்கத்துல நிக்கணும். இதுல தொள்ளாயிரம். மலை, யோகா. மூவாயிரம் அடிக்கு மேல.”

மலை என்றதும் சித்தூர்க்காரிக்கு நெல்லியாம்பதி ஞாபகம்தான் முதலில் வரும். நெல்லியாம்பதி எஸ்டேட் ஒன்றில் தனபால் சித்தப்பாவுக்குச் சினேகிதர் இருக்கிறார். மாசம் ஒருமுறை போய்வருவார். யோகப்பிரியா புகாரில் இன்னொரு வரி சேர்த்தாள். மாட்டிக்கொண்டீர்கள் சித்தப்பா என்று உள்ளுக்குள் ஒரு குரல் கும்மாளம் போட்டது.

“அந்தப் போட்டோவ நான் பாக்கலாமா?”

“நீ பாக்கண்டா. உங்கம்மா பாக்கலாம், அவங்க பேர்ல உள்ளதாச்சே. அவங்க நம்பருக்கு அனுப்பறேன். கூடவே ஆட்சேபப் பக்கமும் வரும். அதுல ரெண்டு கட்டம் இருக்கும். மேல உள்ளது ‘சம்மதம் இல்லை’. அமுக்கினா பத்திரம் ரத்து, தோப்பு மிச்சம், அதோட தீர்ந்து. கீழ உள்ளது ‘ஆள்மாறாட்டம்’. அது நேரா சைபர் போலீசுக்குப் போகும், அந்தப் போனோட விவரம் மொத்தமும் சேர்த்து. அமுக்கினா பின்ன திரும்ப எடுக்க முடியாது. ஆலோசிச்சுச் செய்யி.”

ஆலோசிக்க என்ன இருக்கிறது? கீழ்க்கட்டம்தான். யோகப்பிரியா படிகளில் தடதடவென்று இறங்கினாள்.

கமலாத்தாள் அடுப்படியில் விருந்துக்கு மசால் அரைத்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். படம் திறந்தது. சட்டம் பேசிய ரிஜினுக்குத் தெரியாமல் மகளும் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

“அம்மா, இது நீங்கதானுங்மா!” என்று அவளையறியாமல் கூவிவிட்டாள். அதே அகன்ற நெற்றி, அதே கூர் மூக்கு, இடது புருவத்தின் மேல் ஏறிப் பார்க்கிற அதே பார்வை.

கமலாத்தாள் வெகுநேரம் பார்த்தாள்.

“நானில்ல.”

“எப்படிங்மா சொல்றீங்க?”

“பொட்டெங்க?”

யோகப்பிரியாவுக்கு வெட்கமாகிப் போனது. ஒரு நாளைக்கு நூறு முகம் பார்க்கிறவள், காலையும் மாலையும் பார்க்கிற அம்மாவின் பொட்டைக் கவனிக்கவில்லை. கம்ப்யூட்டருக்குக் கண்ணுக்கும் கண்ணுக்கும் உள்ள தூரம் தெரியும், மூக்கின் நீளம் தெரியும். பொட்டு அதன் கணக்கில் வருவதில்லை. அதைப் போலவே பார்த்துப் பழகிவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

“சித்தப்பா யாரையோ புடிச்சு உங்களாட்டம் உக்கார வெச்சிருக்கறாருங்மா. மலையில எடுத்ததாமா, நெல்லியாம்பதியாத்தான் இருக்கோணும்.”

கமலாத்தாள் தலையை ஆட்டினாள். ஆட்டும்போது அவள் குரல் மாறியிருந்தது.

“தனபால் பண்ணியிருந்தா பொட்டு வெச்சிருப்பான் கண்ணு. இந்தப் பொட்டுக்குத்தான ஒன்றரை வருசமா எங்கூடச் சண்டை போட்டுட்டிருக்கறான்? அவனுக்குத் தெரியாம போகுமா? இது வேற. நா பொட்டு வெக்கறதே தெரியாத ஆளு. புருசன் செத்தவன்னா பாழ் நெத்தியாத்தான் இருப்பாள்னு நெனச்சுட்ட ஆளு.”

விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். நெற்றியின் நடுவே, தினமும் பொட்டு ஒட்டிய தோல் வெயில் படாமல் வட்டமாக வெளுத்திருந்தது. கழுத்து வெறுமையாக இருந்தது. சேலை முந்தானையை இழுத்து மூடியிருந்தும், கயிறு கிடந்த தடம் கழுத்தோரம் தெரிந்தது.

“இது அறுத்தவ கழுத்தில்ல. கழட்டி வெச்சுட்டு வந்து உக்காந்தவ கழுத்து. மலைன்னு சொன்னயில்ல? கம்பம்மெட்டும் மலைதான். இந்த மூஞ்சி எனக்கப்பறம் இன்னொருத்திக்குத்தான் இருக்குது.”

ஊட்டுலயே இரு, எங்கியும் போயிராத என்று காலையில் சித்தி போனில் சொன்னதாக அம்மா சொன்னது யோகப்பிரியாவுக்கு ஞாபகம் வந்தது. பாசத்தில் சொன்னது என்றல்லவா நினைத்தார்கள். ஐந்து மணி வரை அக்காவை நகரவிடாமல் பிடித்துவைக்கத்தான் சித்தி இத்தனை தூரம் கிளம்பி வருகிறாள்.

அம்மா அழுவாள் என்று எதிர்பார்த்தாள். கமலாத்தாள் எழுந்து போய் முகம் கழுவினாள். கண்ணாடி முன்னால் நின்று, தினமும் வைப்பதைவிடப் பெரிதாக ஒரு பொட்டு வைத்துக்கொண்டாள். பெட்டியிலிருந்து பச்சைப் பட்டுச் சேலையை எடுத்து உடுத்தினாள். அரைத்த மசாலை எடுத்து ஃப்ரிட்ஜுக்குள் வைத்து மூடினாள். இன்றைக்கு இந்த வீட்டில் விருந்து கிடையாது.

“அம்மா, சித்தப்பா பாவமில்லீங்களா? அந்தப் பூட்டு...”

சாவியை இடுப்பிலிருந்து எடுத்து மகளிடம் வீசினாள். “போய்த் தொறந்து உடு. ஆனா நா தொறக்கச் சொன்னேன்னு சொல்லிப் போடாத.”

யோகப்பிரியா போய்த் திறந்தாள். தனபால் வரப்பில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் வருவதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மடை திருப்பப் போய்விட்டார். அவர் பெயரைக் கொட்டை எழுத்தில் அடித்ததை நினைத்து அவளுக்குக் காது சுட்டது. அறைக்கு வந்ததும் முதல் காரியமாக அந்தப் புகாரை அழித்தாள்.

நாலேகால் மணிக்கு ஜீப் வந்து நின்றது. கையில் வெள்ளித் தட்டோடு கோமதி இறங்கினாள். தட்டில் வெற்றிலை, பழம், குங்குமச் சிமிழ், மஞ்சள் தடவிய பத்திரிகைக் கட்டு. பின்னால் அப்புசாமி. இந்துஜா இறங்கியதும், “பெரியம்மா, தோப்பப் பாத்துட்டு ஓடியாறேன்” என்று வாசலிலிருந்தே திரும்பி ஓடினாள். காலேஜ் நாளிலிருந்து அவளுக்கு அந்தப் பழக்கம்.

கோமதி சிரித்துக்கொண்டேதான் படி ஏறினாள். நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

“அக்கா, நீ... பொட்டு...”

“என்ன புள்ள, புதுசாப் பாக்கற? ஒன்றரை வருசமா வெச்சுட்டுத்தான இருக்கறேன். வந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

தட்டிலிருந்து ஒரு வெற்றிலை நழுவி விழுந்தது. அப்புசாமி ஒன்றும் புரியாமல் குனிந்து அதை எடுத்தார்.

“வாங்க தம்பி, உக்காருங்க. கோமதி, நீயும் உக்காரு. பத்திரிகை வெய்யி.”

கோமதி தட்டை நீட்டினாள். கமலாத்தாள் இரண்டு கையாலும் முறையாக வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, கீழே வைத்தாள். பிறகு தன் போனை எடுத்து, படத்தைத் திறந்து, பத்திரிகைக் கட்டின் மேல் மல்லாத்தி வைத்தாள்.

“நீ எனக்குப் பத்திரிகை வெச்சுட்டே. நா உனக்கொண்ணு வெக்கறேன். எடுத்துப் பாரு.”

கோமதி பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். அப்புசாமிதான் எட்டி எடுத்தார்.

“நம்ம அக்கா போட்டோதான இது? எப்ப எடுத்தது?”

“நல்லாப் பாருங்க தம்பி.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். முகத்தைவிட முகத்துக்குப் பின்னால் இருந்த சுவர்தான் அவருக்கு முதலில் பிடிபட்டது. ஏலக்காய் காயவைக்கிற தன் சொந்த ஸ்டோர் சுவர். போன தையில் அவரே நின்று பச்சைப் பெயிண்ட் அடித்தது. பிறகு மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார். படத்தில் இருந்த கழுத்தையும் பக்கத்தில் இருந்த கழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நா உசுரோட இருக்கறப்பவா கோமதி?”

அவ்வளவுதான் கேட்டார். அந்த ஒரு கேள்விக்கே கோமதி உடைந்துபோனாள். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குலுங்கினாள். கமலாத்தாளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. தங்கை அழும்போது எப்போதும் தானும் அழுகிறவள், இன்றைக்கு அந்த அழுகையைத் தாகத்துக்குக் கிடைத்த தண்ணீர் போல அனுபவித்தாள்.

“அஞ்சு நிமிசந்தாங்க... போட்டோ எடுத்ததும் கட்டிக்கிட்டேனுங்க...”

“அஞ்சு நிமிசமா?” என்றாள் கமலாத்தாள். “எனக்கு அழிச்சப்ப நாலு பேரு கையப் புடிச்சுட்டு அழிச்சாங்க. நீயும் நின்னு பாத்தயே. உனக்கு யாரு புடிச்சா? நீயேதான அழிச்சுட்டே? புருசன் இல்லாதவ மேடைக்கு வரக்கூடாது, உள் ரூம்ல உக்காருன்னு எனக்குச் சொன்ன அதே வாயி. தோப்புக்குன்னதும் நீயே புருசன் இல்லாதவளா உக்காந்துட்டயே!”

“பாதி என்ற பங்குதானக்கா!” கோமதி அழுகைக்கு நடுவிலும் சீறினாள். “இருவது வருசமா தேங்கா உனக்கு, தண்ணி உனக்கு. நா மலையில கெடக்கறேன். ஒருநாளு கேட்டிருப்பயா, கோமதி உனக்கு என்ன வேணும்னு? சம்மதிக்கச் சொன்னா மூஞ்சியத் திருப்பிக்கிட்டே!”

அதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. கமலாத்தாளுக்கும் அது தெரியும். தெரிந்ததால் கோபம் இன்னும் ஏறியது.

“பங்கு வேணும்னா வாசல்ல வந்து நின்னு சண்டை போட்டிருக்கோணும். தனபால் நின்னு போடறானே, அவனாட்டம்.”

யோகப்பிரியா கடிகாரத்தைப் பார்த்தாள். நாலே முக்கால். “அம்மா, அந்தப் பக்கத்த முடிச்சரலாம். மேல் கட்டம் போதுமுங்மா. தோப்பு நம்முளுது ஆயிரும்.” காலையில் கீழ்க்கட்டம்தான் என்று படி இறங்கி ஓடிவந்தவள் இவளேதான். அப்போது குற்றவாளி இடத்தில் தனபால் இருந்தார், இப்போது சித்தி இருக்கிறாள்.

இரண்டு கட்டங்களுக்கும் என்ன அர்த்தம் என்று யோகப்பிரியா சொல்லச் சொல்லக் கோமதி எழுந்து வந்து அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

“கீழ இருக்கறத அமுக்கிராதக்கா. அடுத்த வாரம் கல்யாணம். போலீசு வந்தா எல்லாம் போச்சு. நீ என்ன சொன்னாலும் கேக்கறேன்.”

“கல்யாணத்தன்னிக்கு நா எங்க உக்காருவேன்?”

“மேடையிலதாங்க்கா. முன்னால நில்லு.”

“தாலித் தட்டு?”

மகளின் தாலியை ஒரு விதவை கையால் எடுத்துத் தரச் சொல்வதா? கோமதி புருஷனைப் பார்த்தாள். அப்புசாமி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீயே எடுத்துக் குடுக்கா. உன்ற கையாலயே குடு. இத மட்டும் அனுப்பாத.”

கமலாத்தாள் போனை வாங்கினாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். மேல் கட்டத்தின் மேல் விரல் ஒரு வினாடி நின்றது. பிறகு இறங்கி, கீழ்க்கட்டத்தை அமுக்கியது.

“அக்கா! நாந்தான் சரின்னேனே!”

“நீ சொன்னே. நா ஏதாச்சும் சொன்னனா?”

இந்தப் பதிலுக்காகத்தான் மத்தியானத்திலிருந்து அவள் பட்டுடுத்திக் காத்திருந்தாள். சொல்லி முடித்ததும் உடம்பு லேசானது. கோமதி தரையில் உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்து சுவரில் சாய்ந்தாள். அவள் கண்ணில் இப்போது அழுகை இல்லை, பயம்தான் இருந்தது.

“யோகா... போலீசு மொதல்ல யாரத் தேடி வரும்?”

“அந்தப் போன் யாருதோ, அவங்களத்தானுங் சித்தி. அதுலதான எடுத்தீங்க?”

“அய்யோ! அது என்ற போனில்லையே கண்ணு. மாப்ள போனு. இந்துஜாவக் கட்டிக்கப் போறவரு போனு. அவருதான் புடிச்சுட்டு நின்னாரு. எல்லாம் நாம் பாத்துக்கறேன் அத்தை, நீங்க சும்மா உக்காருங்கன்னு அவருதான் சொன்னாரு!”

அப்புசாமி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அவர் பார்வை மனைவியைத் தாண்டி வாசலுக்குப் போனது. யோகப்பிரியாவும் திரும்பினாள்.

தோப்பிலிருந்து வந்த இந்துஜா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியவில்லை. மரத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள், உள்ளங்கையெல்லாம் சிவப்பு மை.

“அம்மா, அன்னிக்கு அவரு நம்மூட்டுக்கு வந்தது மொகூர்த்தப் பொடவைக் கலரு பாக்கறதுக்குன்னுதானேம்மா சொன்னீங்க? ஸ்டோர்ல பொடவைய விரிச்சுப் பாக்கறோம், நீ வரக்கூடாதுன்னு என்ன வெளிய நிக்க வெச்சீங்களேம்மா?”

கோமதி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். இந்துஜா அவளை விட்டுவிட்டுப் பெரியம்மாவிடம் வந்தாள்.

“நீங்களாச்சும் சொல்லுங்க பெரியம்மா. அந்தப் புகாருல அவரு பேரும் இருக்குமா?”

காலையிலிருந்து ஆளுக்கொரு பதில் வைத்திருந்த கமலாத்தாள் மறுபடி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். போனைப் பார்த்தாள். புகார் கிடைத்தது என்று மலையாளத்தில் வந்திருந்தது. திரும்பப் பெறுவதற்கு அந்தப் பக்கத்தில் மேலும் கீழும் தேடினாள். எந்தக் கட்டமும் இல்லை.